நூல் சுமந்த மாட்டு வண்டி

மாணவர்களே! தில்லிப் பொது நூலகத்தின் ஊர்தி, நூல்களுடன் குடியிருப்புகளுக்கு வருவதை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். தமிழகத்தில் ஒரு காலத்தில் இப்பணியை மாடுகள் செய்தன.

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி நூலகம் தொடங்கப்பட்டது. வண்டியை வழங்கியவர் பொறியாளர் கனகசபைப் பிள்ளை. நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிய வண்டிகளையே கண்டிருந்த சிற்றூர்களுக்கு அது நூல்களை ஏற்றிச் சென்றது. பேருந்து செல்லாத மண்பாதையிலும் மாடு செல்லும். மழைக்காலச் சேற்றில் மட்டும் அதுவும் திணறும். படிப்பைப் பாதியில் விட்டு வயலில் இறங்கியவருக்கு நகரத்து நூலகம் தொலைவு. நூலின் விலையோ அதனினும் தொலைவு. ஆகவே நூலே அவரைத் தேடிச் சென்றது. கட்டணம் இல்லை. தண்ணீர்ப் பந்தலைப் போல இதுவும் ஓர் அறமே. ஆனால் பெற்றதைப் படித்தபின் திருப்பித் தந்துவிட வேண்டும்!

இம்முயற்சிக்குத் துணைநின்றவர் சீர்காழி இரா. அரங்கநாதன். கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். பின்னர் அவரும் நம்மைப் போலவே தில்லிக்கு வந்தார்; 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார்.

பயிற்சி

1. வயலில் உழைத்தோர் நூல் பெறுவது ஏன் அரிதாக இருந்தது?

2. நுகத்தடி, அச்சாணி, ஆரக்கால் ஆகியவை வண்டியில் எங்கு இருக்கும்? ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.