ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு போக ஆரம்பித்தால் உடனே எழும் குரல், "ஒரு மாத்திரையைப் போட்டு நிறுத்து" என்பதுதான். இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமனாரையும் பார்த்துக்கொள்கிற எனக்கு அந்தக் குரல் இப்போது காதில் விழுவதில்லை. சாதாரண வயிற்றுப்போக்கு சில நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆளைச் சாய்ப்பது அதோடு வெளியேறும் தண்ணீரும் உப்பும். அதை ஈடுகட்டுவதுதான் வீட்டில் இருப்பவர்களின் வேலை. போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஈடுகட்டுவதற்கு ஓ.ஆர்.எஸ். பொடியை மிஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் கலக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் பாக்கெட்டைத் தட்டிவிட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. பெரிய பாக்கெட் என்றால் பொடி முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அளவுக்கு நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் நிரப்பி, பாத்திரத்தில் ஊற்றி, பொடியைக் கொட்டிக் கலக்குவேன். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது, அளவைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். பொடி கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இந்தத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1971-இல் மேற்கு வங்க அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நேரத்தில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைத்தான் டிரம்மில் நிரப்பிக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குடல் உப்பை உள்ளே இழுக்க குளுக்கோஸ் துணை வேண்டும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் தண்ணீர் குடலுக்குள் திரும்பி, போக்கு கூடும். அதனால் சோடாவும் அட்டைப்பெட்டி ஜூஸும் எங்கள் வீட்டில் அந்த நாட்களில் கிடையாது.

"குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறானே" என்பார்கள். பத்து நிமிடம் விட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள். சின்னவனுக்குப் பாலாடையில்தான் புகட்டினேன். கடகடவென்று டம்ளரைக் கவிழ்த்தால் நிற்காத நீர், இப்படிச் சொட்டுச் சொட்டாகப் போனால் நின்றுவிடும். கை வலிக்கும், தூக்கம் கெடும், வேறு வழியில்லை.

அத்தை தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஆனால் அவர்கள் வைத்த கஞ்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நீர்மோர், குழைந்த தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாம் நல்லவைதான். பட்டினி போடுவதுதான் தப்பு. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. போக்கு நின்ற பிறகும் 14 நாளை முடித்துவிடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்று. மாமா பிரஷருக்குச் சாப்பிடுவதில் நீர் பிரியும் மாத்திரையும் ஒன்று. வயிறு போகும்போது அதைத் தொடரலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வோம்.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, குடிக்க மறுக்கிறது - இதில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. போகும் வழியிலும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசம். பேதி பெரும்பாலும் கடை அடைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். நாலு பாக்கெட் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.