பொது ஏடும் பல கைகளும்: கர்நாடகத்தின் ‘பூமி’த் திட்டம்

ஒரே ஏட்டைப் பலர் படிப்பதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. பலர் அதனைத் திருத்த முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஓர் அலுவலகத்தில் இருவர் ஒரே பதிவேட்டின் படியைத் தத்தம் மேசைக்கு எடுத்துச் செல்வதாகக் கொள்வோம். ஒருவர் அதில் ஒரு விற்பனையைப் பதிகிறார்; மற்றவர் ஓர் அடமானத்தைப் பதிகிறார். பின்னால் வந்து சேர்ந்த படியே செல்லுமென்று வைத்துக்கொண்டால், முதலாமவர் எழுதியது தடமின்றி மறைந்துவிடும். குழுவாகப் பணிபுரிவதற்கான கணிப்பொறி மென்பொருள்களை வகுத்தோர் தொடக்கம் முதலே எதிர்கொண்ட வினா இதுவாகும்.

1968-ஆம் ஆண்டு டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற அறிஞர், வெவ்வேறு இடங்களிலுள்ள இருவர் ஒரே ஏட்டைத் திரையில் சேர்ந்து கையாள்வதைச் செய்து காட்டினார். அதன்பின் வந்த மென்பொருள்கள் பெரும்பாலும் இரு வழிகளைக் கைக்கொண்டன. ஒருவர் திருத்தும்போது ஏட்டைப் பிறருக்குப் பூட்டி வைப்பது ஒன்று. எல்லோரையும் எழுதவிட்டு, ஒவ்வொரு திருத்தத்தையும் தனிப் பதிப்பாகக் காத்து, முரண்பாடு நேருமிடத்தில் மட்டும் தீர்ப்புக் கேட்பது மற்றொன்று. ஒரு கட்டுரையையோ வரைபடத்தையோ சேர்ந்து உருவாக்குவோருக்கு இவற்றில் எதுவும் ஏற்புடையதே. ஆனால், ஓர் உழவரின் நில உரிமையைத் தாங்கி நிற்கும் ஏட்டிற்கு இவை மட்டும் போதா. திருத்துவதற்கு உரிமையுடையவர் யார், எந்த வரிசையில், யார் பார்வையில் என்பனவும் அங்கு முன்னதாகவே வரையறுக்கப்படவேண்டும்.

இவ்வகையில் ஆராயத்தக்கது கர்நாடக அரசின் ‘பூமி’த் திட்டம். அம்மாநிலத்தில் ‘பஹணி’ எனப்படும் ஏடு, நம் பக்கத்துச் சிட்டாவும் அடங்கலும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்றது. உரிமையாளர் பெயர், குத்தகை, பயிர், கடன் பொறுப்பு ஆகிய யாவும் அதில் இடம்பெறும். எனவே வருவாய்த் துறை, கூட்டுறவுச் சங்கம், வங்கி, நீதிமன்றம் எனப் பலருக்கும் அது பொதுச் சொத்து. ஆயினும் நெடுங்காலம் அது ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்களின் கைகளிலேயே இருந்து வந்தது. பொது ஏடு தனியார் பெட்டிக்குள் இருந்தது என்றே கூறலாம். பெயர் மாற்றத்திற்கு யார் முந்தி மனுச் செய்தார் என்பதைக் கண்டறிய உழவருக்கு வழியில்லை.

பெங்களூரிலுள்ள தேசிய தகவலியல் மையத்தின் கிளை இதற்கான மென்பொருளை உருவாக்கியது. சுமார் 67 லட்சம் உழவர்களுக்குரிய ஏறக்குறைய 2 கோடி ஏடுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. 2001-க்குள் மாநிலத்தின் தாலுகா அலுவலகங்களில் இதற்கான கூடங்கள் திறக்கப்பட்டன. 15 ரூபாய் செலுத்தினால் எவரும் படி பெறலாம் என்பது தொடக்கக்கால ஏற்பாடு. கையால் எழுதித் தரும் பஹணிக்குச் செல்லுபடி இல்லையென்றும் விதிக்கப்பட்டது. இந்த விதி இல்லாதிருந்தால் பழைய ஏடும் புதிய ஏடும் இணையாக வளர்ந்து, முன்னர்க் கூறிய இரு படிகளின் கதையே மாநில அளவில் நிகழ்ந்திருக்கும்.

திருத்தத்திற்கு வகுக்கப்பட்ட முறை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மனு, கூடத்தில் பதிவாகி வரிசை எண் பெறுகிறது. அறிவிப்பு அச்சாகிக் கிராமக் கணக்கர் வழியே உரியோருக்குச் செல்கிறது. மறுப்புத் தெரிவிக்கத் தொடக்கக்காலத்தில் 30 நாள் அவகாசம் இருந்தது. எவரும் மறுக்காவிடில் வருவாய் ஆய்வர் ஆணையிடுகிறார்; அதன் பின்னரே ஏடு மாறுகிறது. முன்வந்த மனுவைத் தாண்டிப் பின்வந்ததை எடுக்க மென்பொருள் இடந்தருவதில்லை. ஏட்டைத் திருத்தும் அலுவலர் கைரேகை பதித்தே உள்ளே நுழைய இயலும். ஆகவே எந்தத் திருத்தம் யாருடையது என்பது நிலைத்து நிற்கிறது. கூடத்தில் மற்றொரு திரை மனுதாரரை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. எளிய ஏற்பாடுதான், ஆனால் ஏடு பொதுவானது என்பதை உழவர் கண்ணால் உணரச் செய்தது இதுவே எனலாம்.

பின்னர், பத்திரப் பதிவுத் துறையின் ‘காவேரி’ மென்பொருளுடன் இது இணைக்கப்பட்டது. பதிவான விற்பனை பற்றிய செய்தி இப்போது தாலுகா அலுவலகத்திற்குத் தானாகவே வந்து சேர்கிறது. இரு துறைகள் தத்தம் ஏடுகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று முரண்பட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமன்று.

எனினும் குறைகூறல்கள் எழாமலில்லை. பெங்களூரைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிவந்த ஆண்டுகளில், தாலுகாவில் ஒரே இடத்தில் திரண்ட தகவல் சிறு உழவரைவிடப் பெருநிலம் வாங்குவோருக்கே கூடுதலாக உதவியது என ஆய்வாளர் சிலர் 2007-இல் வாதிட்டனர். பொதுவில் திறந்து வைக்கப்படும் தகவல் அனைவருக்கும் சமமாகப் பயன்படும் என்று கொள்வதற்கில்லை. அதனைப் பயன்படுத்தும் வசதியும் சமமாக இருத்தல் வேண்டும். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

மற்றொரு குறை மென்பொருளின் எல்லைக்கு அப்பாற்பட்டது. குடும்பத்துள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினைக்கு மனு இராது. மனு இல்லையெனில் வரிசை எண்ணும் இராது. பாட்டனார் இறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் நிலம் அவர் பெயரிலேயே நிற்கும் பஹணிகள் பல. பேரன் உழுது பயிரிடுகிறான். கணிப்பொறி பிழையின்றிப் பாட்டனார் பெயரையே அச்சிட்டுத் தருகிறது. அந்தத் தாளுடன் பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குச் செல்பவனிடம் முதலில் வாரிசுச் சான்றிதழைக் கொண்டுவரும்படி கூறுகிறார்கள்.