கொலுவில் பாடச் சொன்னால்...

நவராத்திரிக்கு நாலு வீடு போனால் எங்காவது பாடச் சொல்வார்கள். சுருதியை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 5 கட்டை ஒத்துவரும். அது சட்டமல்ல, 4½ கட்டையில் தொண்டை சுகமாக இருந்தால் அதுவே உங்கள் சுருதி.

சம்மணமிட்டுப் பாடப் போகிறீர்கள் என்றால் வீட்டிலும் அப்படியே பழகுங்கள். அடுப்படியில் நின்றபடி பழகிய பாட்டு, உட்கார்ந்ததும் மூச்சுக்குத் திணறும். முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து, வயிறு விரிய மூச்சு இழுக்க வேண்டும். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களையும் கையில் போட்டே கற்றிருந்தால், வரி மறந்தாலும் கை இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சில பாட்டுகள் ஒருவரோடு ஒட்டிக்கொண்டவை. பாட்டி நீலாம்பரியில் தாலாட்டியிருந்தால், அந்த ராகத்தைத் தொட்டதுமே தொண்டை அடைக்கும். அழுகை வரும்போது குரல்வளைத் தசைகள் இறுகுவதுதான் காரணம். நினைவை விரட்ட வேண்டாம் (விரட்டினாலும் போகாது). அடைக்கிற வரியை மட்டும் முதலில் பேசிப் பாருங்கள், பிறகு வாய்மூடி முனகுங்கள், அப்புறம் பாடுங்கள். அழ வேண்டியதை ஒத்திகையிலேயே அழுதுவிடலாம். அன்றைக்குக் கொலுப்படியில் ஏதாவது ஒரு பொம்மையைப் பார்த்துப் பாடுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தையின் கண்ணைப் பார்த்தால் ஆபத்து.