மெல்லக் கரையும் வலி மாத்திரையும் நம் சாப்பாடும்

மலேசியாவின் ஸ்கூடாயில் விடியுமுன் மோட்டார் ஏறி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். வெறும் வயிற்றில் ஒரு கோப்பி, ஒரு வலி மாத்திரை, அப்புறம் பாலம். மாலையில் “மருந்து கேக்கல” என்று புலம்பல். மருந்தைத் திட்டுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. மாத்திரைப் பெயரின் வாலைப் படியுங்கள். எஸ்ஆர், சிஆர், ரிடார்ட் என்றிருந்தால், பல மணி நேரத்துக்கான மருந்தை ஒன்றில் அடைத்து மெல்ல விடும் வகை. டைக்லோஃபெனாக், டிரமடால், மார்ஃபின், ஆக்சிகோடோன் எல்லாவற்றிலும் இது உண்டு.

2. பொட்டலத்தில் மலாயில் ‘செபெலும் மக்கான்’ என்றால் சாப்பாட்டுக்கு முன், ‘செலெபாஸ் மக்கான்’ என்றால் பின். டைக்லோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கும், பசியாறிவிட்டுப் போடுங்கள்.

3. தினமும் ஒரே மாதிரி போடுங்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய் போன்ற எண்ணெய்ச் சாப்பாடு இரைப்பையில் அதிக நேரம் தங்கும். பல மாத்திரைகளுக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆக்சிமார்ஃபோனின் மெல்லக் கரையும் வகையை உணவோடு போட்டால் ரத்தத்தில் உச்ச அளவு சுமார் பாதி கூடும். ஆகவே ஒருநாள் பட்டினி, மறுநாள் விருந்து என்று மாற்றாதீர்கள். பொட்டலத்தில் முன், பின் என்று இல்லாவிட்டால், வேளையைச் சாப்பாட்டோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்டுவதே என் கட்சி.

4. உடைக்காதீர்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பாட்டிக்கு விழுங்க முடியவில்லை என்று மாத்திரையை இடித்துக் கஞ்சியிலோ மைலோவிலோ கலக்கிறார்கள். 12 மணி நேர மருந்து அப்போது ஒரேயடியாக உள்ளே போகும். மார்ஃபின் வகையென்றால் மூச்சே அடங்கலாம். விழுங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். திரவ மார்ஃபின் உண்டு, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையும் உண்டு.

இடிக்காமலே இதே வேலையைச் செய்வது மது. அமெரிக்காவில் பாலடோன் என்ற ஹைட்ரோமார்ஃபோன் மருந்து 2005 ஜூலையில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. சாராயத்தோடு சேர்ந்தால் உள்ளிருந்த மருந்து மொத்தமாக வெளிவந்ததே காரணம். எல்லா மாத்திரையும் அப்படிக் கரையாது. ஆனாலும் மார்ஃபின் வகையும் மதுவும் சேர்ந்தாலே மூச்சு தளரும். “ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிச்சா?” என்று கேட்பார்கள். மாத்திரை குடலில் மணிக்கணக்கில் இருக்கிறதே, இடைவெளி எப்படிக் காப்பாற்றும்? சாம்சு, பியர், தீபாவளி விஸ்கி, எதுவும் வேண்டாம்.

5. ஆக்சிகோடோன் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட்டைத் தள்ளி வையுங்கள். அந்த மருந்தை உடைக்கும் நொதியை அது தடுக்கும். 2010இல் வெளியான பின்லாந்து ஆய்வில் அந்தச் சாறு குடித்தவர்கள் உடலில் மருந்தின் மொத்த அளவு சுமார் 1.7 மடங்கானது. சீனப் புத்தாண்டுக்கு வரும் பம்ப்ளிமாஸும் அதே இனம், அதையும் விடுங்கள். மார்ஃபின் வேறு வழியில் உடைவதால் அதை எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

6. மார்ஃபின் வகை மலத்தைக் கட்டும். தண்ணீர், பப்பாளி நல்லது; ஆனால் அவை மட்டும் போதாது, மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். இசப்கோல் தூளை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், அசையாத குடலில் அடைத்துக்கொள்ளும்.

மலத்தில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால் பதறாதீர்கள். மருந்து போன வெறும் ஓடாக இருக்கலாம். இன்னொன்று போடாமல் ஃபார்மசியில் கேளுங்கள். ஆள் எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவானால் யோசிக்காமல் 999.