இல்லத்தைத் தூய்மை செய்யும் முறை

சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பின்னர் அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, கக்கூசைக் கழுவும்போது மூச்சு அடைத்துக் கண் இருண்டுவிட்டது. சுத்தம் செய்வதிலுமா இவ்வளவு துன்பம்?" என்று வினவினார். விசாரித்தோம். கறை போகவேண்டுமென்று முதலில் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார்; அது போதாதென்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவி, கதவைச் சாத்திக்கொண்டு குந்தியிருந்து தேய்த்திருக்கிறார். அன்று அவருக்கு இரண்டொரு சொற்களில் விடை கூறியனுப்பினோம். ஆயினும் அத்தவற்றை அவர் ஒருவர் மட்டுமே செய்பவரல்லர் என்பதனால் இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கினோம்.

நாம் கல்லூரியில் இரசாயனம் பயின்றவரல்லர். துணி ஆலையின் வெளுப்புப் பகுதியில் நின்று பயின்றவர். நெய்து வந்த கோடித் துணியை முதலில் காஸ்டிக் சோடா நீரில் வேகவைப்பர். பின்னர் வெளுப்பு நீரில் இடுவர். அதன்பின் நீர்த்த அமிலத்தில் தோய்ப்பர். ஒவ்வொரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவே நல்ல நீரில் அலசும் தொட்டி ஒன்று இருக்கும். அந்த நடுத்தொட்டியின் காரணத்தை நமக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஓர் இரவு முறையில் அலசும் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. வேலை நிற்கக்கூடாதென்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. வெளுப்பு நீர் சொட்டச் சொட்டத் துணியை நேரே அமிலத்தில் இறக்கினோம். பச்சையும் மஞ்சளும் கலந்த புகை எழுந்தது. அருகில் நின்றவர் இருவர் தரையில் சாய்ந்தனர். அன்று நம் நெஞ்சில் ஏறிய இருமல் மழைக்காலந்தோறும் நம்மைத் தேடி வருகிறது.

அப்புகையே குளோரின் என்னும் வாயு. பிளீச்சிங் பவுடரோடும், கடைகளில் விற்கும் வெளுப்பு நீரோடும் எந்த அமிலம் சேர்ந்தாலும் அது வெளிப்படும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகரருகே செர்மானியப் படையினர் எதிரிகள்மேல் ஏவிய புகை இதுவே. காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமுடையதாகலின் அது மேலே எழுந்து போகாமல் தரையோடு தங்கும். சன்னலில்லாத சிறிய கக்கூசில் குந்தியிருந்து தேய்ப்பவரின் முகம் அத்தரைக்கு எவ்வளவு அருகில் உள்ளதென்பதை எண்ணிப் பார்க்க! கழுவும் ஆசிட்டு என்று விற்பது பெரும்பாலும் நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு வெளுப்பு நீர் சேர்ந்தாலும் வேறொரு நச்சுப்புகை உண்டாகும். ஆகவே வெளுப்புப் பொருளை எதனோடும் கலத்தல் ஆகாது.

இது வீட்டிற்குள் நிகழும் கேடு. வீட்டைவிட்டு வெளியேறிய நீர் எங்கே போகிறது என்பதை நம்மில் பலர் கேட்பதில்லை. மலத்தொட்டிக்குப் போனால், கழிவைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை ஆசிட்டும் வெளுப்பு நீரும் கொன்றுவிடும். தொட்டி விரைவில் நிரம்பும். நிரம்பினால் அதனைத் தூர்வார ஆள் தேடுவர். பாதாளச் சாக்கடைக்குப் போனாலோ, அங்கே அழுகிய கழிவில் தங்கியுள்ள கந்தகப் பொருள்களோடு அமிலம் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை எழுப்பும். குழிக்குள் இறங்குவோர் ஒருவர்பின் ஒருவராக மாள்வதற்குப் பெருங்காரணமான வாயு அதுவே. மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், காப்புக் கருவியின்றிச் சாக்கடையில் இறக்கப்படுவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் அளிக்கவேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. சட்டமும் ஆணையும் இருந்தும் இறப்புச் செய்தி நின்றபாடில்லை. இறப்பவர் யாருடைய மக்கள் என்பதை இவ்வேட்டைப் படிப்போருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் வீட்டுப் புட்டியிலிருந்து புறப்பட்ட நஞ்சு நம்மவர் மூச்சிலே சென்று சேர நாமே காரணமாகலாமோ?

பெங்களூரில் உள்ளோர் பெல்லந்தூர் ஏரியைக் கண்டிருப்பர். 2015-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் அவ்வேரி நீரிலேயே தீப்பற்றியது. வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலைக்கும் பறந்து வந்தது. சுத்திகரிக்கப்படாத நகரக் கழிவுநீரும், அதில் கலந்துவந்த சலவைத்தூளின் நுரைப்பொருளும் அந்நுரைக்கு முதற்காரணங்கள். நாம் கழுவிவிட்டது மறைந்துபோகவில்லை, ஏரியில் போய் நின்றது.

இனி நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். விநய பிடகத்தில் உறைவிடத்தைத் தூய்மை செய்யும் முறை வியக்கத்தக்க நுணுக்கத்துடன் சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் பாத்திரம், சீவரம், பாய், தலையணை ஆகியவற்றை வெளியே எடுத்து ஒருபுறம் வைக்கவேண்டும். கட்டிலை எடுக்கும்போது கதவிலும் நிலையிலும் உராயாமல் எடுக்கவேண்டும். ஒட்டடையை மேற்பகுதியிலிருந்து முதலில் நீக்கவேண்டும். பின்னர்ச் சன்னல்களையும் மூலைகளையும் துடைக்கவேண்டும். சுவரில் கறையிருந்தால் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கவேண்டும். மெழுகாத தரையாயின் புழுதி எழாதபடி நீர் தெளித்துப் பெருக்கவேண்டும். விரிப்புகளை வெயிலில் உலர்த்தித் தட்டி, முன்பிருந்த இடத்திலேயே இடவேண்டும். இதில் மருந்து எங்கேயுள்ளது? நீர், துணி, வெயில், ஒழுங்கு ஆகிய நான்கே உள்ளன. மேலிருந்து கீழாகச் செய்பவர் ஒருமுறை செய்வார். கீழிருந்து மேலாகச் செய்பவர் இருமுறை செய்வார். வீட்டுத் தூய்மையில் பெரும்பகுதி இவ்வொழுங்கிலேயே அடங்கிவிடுகிறது.

அதே விநயத்தில், கழிப்பிடம் அழுக்காயிருக்கக் கண்டவர் அதனைக் கழுவவேண்டும், நீர்க்குடம் வறிதாயிருக்கக் கண்டவர் அதனை நிரப்பவேண்டும் என்றும் உள்ளது. கண்டவர் செய்யவேண்டும் என்பதே விதி. இன்ன குலத்தில் பிறந்தவர் செய்யவேண்டும் என்று அங்கே இல்லை. அழுக்கு வேறு, தீட்டு வேறு. அழுக்கைத் தண்ணீர் போக்கும், தீட்டு என்பதோ மனிதர் கட்டிவிட்ட பொய். மேலும், உயிர்கள் உள்ள நீரென்று அறிந்தே அதனைப் புல்லின்மேலோ மண்ணின்மேலோ கொட்டுதல் பிக்குகளுக்குக் குற்றம். கொட்டும் நீரிலும் கருத்து வைக்கச் சொன்ன நெறி நம்முடையது.

செய்முறைக்கு வருவோம். தாய்மார்கள் இப்பகுதியைப் பொறுமையுடன் படிக்கவேண்டுகிறோம். ஆடவரும் படிக்கலாம், கை தேய்ந்துவிடாது.

பூந்திக்கொட்டை பத்துப் பன்னிரண்டை விதை நீக்கி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைக்கவும். காலையில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து துணியில் வடிகட்டவும். இந்நீர் பாத்திரம், தரை, பட்டு, கம்பளி ஆகியவற்றிற்கு ஏற்றது. மூன்று நாட்களுக்குமேல் வெளியில் வைத்தால் புளித்து நாறும். ஆதலின் வேண்டிய அளவே செய்க. சலவைத்தூளைப்போல் நுரைக்கவில்லையே என்று பலர் குறைப்படுவர். அழுக்கை அகற்றுவது நுரையன்று. எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருளே அதனை அகற்றுகிறது. அது பூந்திக்கொட்டையில் சாப்போனின் என்ற பெயரில் உள்ளது. இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மரத்தில் காய்த்தது என்பதனால் எவ்வுயிர்க்கும் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. மீனை மயக்கிப் பிடிக்க இதே கொட்டையை நீரில் கரைத்துவிடும் வழக்கம் உண்டு. கண்ணில் பட்டால் நமக்கும் எரியும். ஆகவே எஞ்சியதைக் குளத்திலும் கிணற்றடியிலும் கொட்டாமல், நிறைய நீர் சேர்த்து மண்ணில் விடுக.

அடுப்படியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைச் சோடா போதும். ஒரு வாளி வெந்நீருக்கு இரண்டு கரண்டி இட்டுத் துணியால் துடைத்து, பின் வெறும் நீரால் துடைக்கவும். அலுமினியப் பாத்திரத்தில் இதனைப் பயன்படுத்தினால் பாத்திரம் கறுத்து அரிக்கும். கையுறை இல்லாதோர் நெடுநேரம் கையை அதில் வைக்கவேண்டாம். சலவைச் சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. பின்னது தோலைத் தின்றுவிடும். சாக்கடைக் குழாய் அடைப்புக்கென்று விற்கும் பொடிகள் பலவற்றில் இருப்பது இந்தக் காஸ்டிக்கே. குழாய் வாயில் ஒரு சல்லடையை வைத்து முடியையும் சோற்றையும் தடுத்துவிட்டால் அப்பொடி வாங்கவே நேராது.

பித்தளைக்கும் செம்புக்கும் புளியே சிறந்தது. அதிலுள்ள புளிப்பு அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கிறது. தேய்த்தவுடன் நன்கு கழுவி ஈரமின்றித் துடைக்காவிட்டால் பச்சை பூக்கும். மெருகெண்ணெய் பூசிய பகவன் திருவுருவங்களைப் புளியிட்டுத் தேய்த்து மெருகைக் கெடுத்த அன்பர்களை நாம் அறிவோம். அவற்றிற்கு உலர்ந்த துணியே போதும்.

அம்மையார் கேட்ட கக்கூஸ் கறைக்கு வருகிறோம். ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள வீடுகளில் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் படிவதில் பெரும்பகுதி சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை இரவில் நான்கு கரண்டி தூவி, கறை நனையும்படி சிறிது நீர் தெளித்துவிட்டு, காலையில் தூரிகையால் தேய்த்துக் கழுவவும். பழங்கறையாயின் மூன்று நான்கு இரவு வேண்டும். ஆசிட்டு ஐந்து நிமிடத்தில் செய்வதை இது ஒரு வாரத்தில் செய்யும், அவ்வளவே வேறுபாடு. இதுவும் அமிலமாகலின் இதனோடும் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது. சலவைக்கல், மொசைக் தரைகளில் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் கல் அரித்து மங்கிவிடும். அவற்றிற்குச் சோப்பு நீரே தக்கது.

வினிகரையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குகிறது, அதனால் நன்கு சுத்தமாகிறது என்று இக்காலத்தில் பலர் சொல்லக் கேட்கிறோம். ஆலையில் நின்றவன் இதைக் கேட்டால் நகைப்பான். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் எழும் பொங்கல் அது; எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கலந்த நீர். ஒன்றைப் பயன்படுத்திக் கழுவிய பின்னர் மற்றொன்றைப் பயன்படுத்துக. சாணத்தால் மெழுகினால் கிருமி சாகும் என்பதையும் நாம் ஏற்பதில்லை. சாணத்தில் கிருமி உண்டு. பாட்டன் காலத்தது என்பதனால் ஒன்று நன்மையாகிவிடாது.

வீட்டில் வாந்திபேதி கண்டால் மட்டும் புளியையும் பூந்திக்கொட்டையையும் நம்பியிருக்கவேண்டாம். அவை அழுக்கை நீக்குமேயன்றி நோய்க்கிருமியை உறுதியாகக் கொல்லா. அப்பொழுது பிளீச்சிங் பவுடர் தேவையே. முதலில் சோப்பு நீரால் கழுவி, அதனை அலசிவிட்டு, பின்னர்ப் பிளீச்சிங் பவுடரைத் தனியே தண்ணீரில் கரைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவவும். நஞ்சையே தொடமாட்டோம் என்று விரதம் பூண்டு குழந்தையைப் பறிகொடுத்தல் தம்மமன்று.

எறும்புக்கு மருந்து தூவவேண்டியதில்லை. அது தன் இனம் விட்டுச்சென்ற மணத்தைப் பற்றியே வரிசையாய் வருகிறது. அவ்வழியைச் சோப்பு நீரால் துடைத்து, சர்க்கரை டப்பாவை இறுக மூடினால் வேறிடம் நாடிச் செல்லும். துணிப்பெட்டியில் நாப்தலின் உருண்டை இடுவோர், கைக்குழந்தையின் துணிகளோடு அதனை வைக்கலாகாது; சில குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைக்கும். மாதம் ஒருமுறை துணிகளை வெயிலில் போட்டு, உலர்ந்த வேப்பிலை இட்டுவைப்பது போதும்.

அவ்வம்மையார் மறுநாளும் வந்தார். மீதமிருக்கும் அரைப்புட்டி ஆசிட்டை என்ன செய்வது என்பது அவர் கேள்வி. சாக்கடையில் ஊற்றவேண்டாமென்றும், குளிர்பானப் புட்டியில் மாற்றிவைக்கவேண்டாமென்றும் கூறினோம். அதே புட்டியிலேயே மூடியை இறுக்கி, குப்பையோடு கலவாமல், குப்பை வாங்க வருபவரிடம் தனியே கொடுத்து, உள்ளே இருப்பது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லுமாறு அனுப்பினோம்.