யந்திரத்திற் சிதைந்த கையும் ஒட்டுச் சிகிச்சையும்

கரும்பாலையின் உருளையிலும், கதிரடிக்கும் யந்திரத்திலும், தீவனம் நறுக்கும் யந்திரத்திலும் கை அகப்பட்டு நசுங்குவது வேளாண்மையில் நேரும் கொடிய விபத்துக்களில் ஒன்று. அவ்வாறு சிதைந்த கையைப் பயனற்றதெனக் கைவிடலாகாது. அதனை மீட்கும் முறை, மாவில் நெருக்கு ஒட்டுக் கட்டியறிந்தவர்க்கு எளிதில் விளங்கும்.

தோல் மட்டும் உரிந்து அடித்தசை உயிருடனிருப்பின், தொடையினின்று மெல்லிய தோலைச் சீவிப் பதித்தாற் போதும். அடியிலுள்ள இரத்தத்தினால் அது பிழைக்கும். எலும்பும் தசைநாணும் மேற்சவ்வும் இழந்து வெளிப்பட்டவிடத்து, பாறைமேல் நட்ட நாற்றுப்போல் அது பட்டுப்போகும். அங்கே தனக்குரிய இரத்தக்குழாயோடு கூடிய தடித்த தோல்மடல் வேண்டும்.

இயன் மக்கிரெகர், இயன் ஜாக்சன் என்னும் சஸ்திர வைத்தியர்கள் 1972-இல் வெளியிட்ட முறைப்படி, தொடையிடுக்கின் தோல்மடலை ஒருமுனை உடலோடு இருக்க எடுத்து, மறுமுனையைக் கைப்புண்ணின்மேல் தைப்பர். தாய்மரத்தினருகே தொட்டிக்கன்றைக் கொணர்ந்து கட்டுவது போன்றதே இது. ஏறக்குறைய 3 வாரங்களிற் கையினின்று புதிய இரத்தக்குழாய்கள் மடலுக்குட் புகும். பின்னரே அடிமுனை அறுக்கப்படும். தாய்மரத்தினின்று ஒட்டை முன்னதாக அறுப்பின் கிளை வாடுமன்றோ? ஆகவே, அறுவடை நெருங்கிற்றென்று நோயாளியை இடையில் வீட்டிற்கு அழைத்துவரலாகாது. புகையிலை இரத்தக்குழாய்களைச் சுருக்குமாதலால் அதனையும் விலக்கவேண்டும்.

பூதக்கண்ணாடி யந்திரத்தின் உதவியால் மடலை முற்றிலும் பிரித்தெடுத்து, அதன் குழாய்களைக் கையின் குழாய்களோடு தைத்து இணைக்கும் முறையும் உண்டு. அதிற் கையைக் கட்டி வைத்திருக்க வேண்டுவதில்லை. எம்முறையாயினும், விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சியைப் பல மாதங்கள் விடாது செய்தாலன்றிக் கை வேலைக்கு உதவாது. பழைய வலிமையும் உணர்ச்சியும் முழுதும் திரும்புமென்பதற்கில்லை. எனினும் பற்றிப் பிடிக்கும் கை மிஞ்சுவதே பெரும்பேறு.

விபத்து நேர்ந்தவுடன் செய்யவேண்டுவன:

1. யந்திரத்தை நிறுத்தி, சுத்தமான துணியாற் காயத்தை அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க. சாணம், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதனையும் அப்பற்க.

2. துண்டான விரலை எறியாமல், ஈரத்துணியிற் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைக்க. பனிக்கட்டி விரலை நேரே தொடலாகாது.

3. தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. மணிக்கட்டுக்கு மேற்பட்டுத் துண்டான கையை ஏறக்குறைய 6 மணி நேரத்திற்குள் சேர்ப்பித்தல் வேண்டும்.

கைச் சிகிச்சைக்குரிய வைத்தியசாலை எதுவென்பதைக் கிராம அதிகாரிகள் முன்னரே அறிந்து, ஆலை ஓடும் களங்களில் எழுதிவைப்பார்களாக.