சேற்றில் தொடங்கும் பாடம்

கடல்நீர் வடிந்ததும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், கிழக்குக் கரையில் ஒரு தனி உலகம் வெளிப்படும். செக் ஜாவா எனப்படும் அப்பகுதியில் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் பரப்பு, பவளச் சிதைவு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வாழிடங்கள் அருகருகே அமைந்துள்ளன.

ஒரு காலத்தில் இக்கடற்பகுதியைத் தூர்த்து நிலமாக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அங்குச் சென்று உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். பொதுமக்களும் தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர். அவற்றை ஆராய்ந்து, வல்லுநர்களையும் கலந்தாலோசித்த அரசாங்கம், திட்டத்தைத் தள்ளிவைப்பதாக 2002 ஜனவரியில் அறிவித்தது.

இத்தகைய சிக்கலுக்கு எந்தப் பாடமும் தனித்து விடை தருவதில்லை. கரையில் வாழும் உயிரினங்களைப் பற்றி உயிரியல் கூறும். கடலைத் தூர்த்தால் நீரோட்டம் எவ்வாறு மாறும் என்பதைப் புவியியல் விளக்கும். நிலத்தின் தேவையையும் இயற்கையின் இழப்பையும் பொருளியல் ஒப்பிட்டுக் காட்டும். முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவுபடுத்தும். இவற்றுள் ஒன்றை மட்டும் கற்பது, யானையின் காலை மட்டும் தடவிப் பார்த்து அதைத் தூண் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே, பல துறைகளை இணைக்கும் சுற்றுச்சூழல் கல்வி பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றுள்ளது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2011ஆம் ஆண்டில் அத்தகைய பட்டப்படிப்பைத் தொடங்கியது. அறிவியல் புலமும் கலை, சமூக அறிவியல் புலமும் இணைந்து அதை உருவாக்கின.

இக்கல்வியின் உயிர்நாடி களப்பணியாகும். கரையோர ஆய்வில் மாணவர்கள் கடலை நோக்கிக் கயிறு கட்டுவர்; குறிப்பிட்ட இடைவெளிகளில் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் காணப்படும் உயிரினங்களை எண்ணுவர்; நீரின் உப்புத்தன்மையை அளப்பர்; அங்கு வாழும் மக்களிடமும் உரையாடுவர். சேற்றில் கால் புதைய நின்று எடுக்கும் குறிப்புகள் பிற்காலத்தில் சான்றுகளாகின்றன. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கனமழையால் கடல்நீரின் உப்புத்தன்மை குறைந்து, செக் ஜாவாவில் பல உயிரினங்கள் மடிந்தன. முன்பு இருந்தவற்றைப் பதிவு செய்திருந்தால்தான், இழந்தவை எவை என்று கூற முடியும்.

செக் ஜாவாவில் நிலமீட்புத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டதே தவிர, என்றென்றைக்குமாகக் கைவிடப்படவில்லை. வளர்ச்சிப் பணிகளுக்குத் தீவு தேவைப்படாதவரை அக்கரை அப்படியே இருக்கும். அக்கேள்வி மீண்டும் எழுந்தால், விடை தேட வேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களே.